முனையமும் போலியும்

"மோடம் தமிழ்ச் சொல்தானய்யா! மழைக்கு முன்னே வானம் மோடம் போடுகிறதே, அதுபோல இந்தப் பெட்டியும் இரைந்துவிட்டுத்தான் செய்தியைப் பொழிகிறது" என்று பினாங்கின் சூலியா தெரு நாசி கண்டார் சோற்றுக்கடையில் ஒருவர் முழங்கினார். மேசையே தலையாட்டியது. வானத்து மோடம் மூட்டத்தின் உறவு. கருவி மோடமோ மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்ற இரண்டின் தலைகளைப் பொறியாளர்கள் ஒட்டிய ஒட்டு. எண்களை ஒலியில் ஏற்றுவதும் ஒலியிலிருந்து இறக்குவதும் அதன் தொழில். இதற்கு மேல் அதில் ஆராய ஒன்றுமில்லை.

அவர் அதோடு விட்டிருக்கலாம். "டெர்மினலுக்கு முனையம் என்பது பிழை. டெர்மினஸ் என்றால் முடிவு; முடிவுக்குத் தமிழ் கடை; ஆகவே கடையம்" என்றார். கடையம் பாரதியாரின் மாமனார் ஊர், அது அங்கேயே இருக்கட்டும். இலத்தீன் டெர்மினஸ் முதலில் எல்லைக்கல். அந்தக் கல்லுக்குரிய தெய்வத்துக்கும் அதே பெயர். எல்லை என்பது ஒருவன் நிலம் முடிந்து இன்னொருவன் நிலம் தொடங்கும் கோடு. நம் முனையும் அதுதான். சங்கப் பாட்டில் முனை என்றால் பகைவர் எதிர்ப்படும் இடம், போர்முகம். அப்பரும் சுந்தரரும் பிறந்த நாடு திருமுனைப்பாடி. கூலிக்குப் போர்முனையில் நின்று வென்ற பொன்னை அடியார்க்குக் கொடுத்தவர் முனையடுவார் நாயனார். தொல்காப்பிய மரபியல் முதல்நூல் செய்தவனை முனைவன் என்கிறது. இன்று முனைவர் என்ற பட்டத்தைப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் வழங்குகின்றன. இவற்றில் எங்கே ஐயா முடிவு? எல்லாமே முகப்பு.

பினாங்கில் இருந்துகொண்டு இதை மறப்பது இன்னும் மோசம். சூலியா தெருவின் கிழக்குக் கோடி கடல். அங்கிருந்து வடக்கே கரையோடு நடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை நிற்கும் பழைய தஞ்சோங் பெனாகா. தஞ்சோங் என்றால் மலாயில் கடல்முனை. ஜார்ஜ் டவுனையே மலாய்க்காரர்கள் தஞ்சோங் என்பார்கள். 1786இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் கரையேறியது அங்கேதான். நிலத்தில் நிற்பவனுக்குத்தான் அது கோடி. கப்பலில் வருபவனுக்கு அதுவே வாசல்.

கணினி முனையமும் இப்படித்தான். கணினி எங்கோ இருக்கும். மனிதன் அதை எதிர்கொள்ளும் இடம் முனையம். முதலில் அது தட்டச்சுத் தந்தியான டெலிடைப்பு. யூனிக்ஸில் இன்றும் டிடிஒய் என்று அதன் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு கண்ணாடித் திரை வந்தது; 1978இல் டெக் நிறுவனம் விட்ட விடி-100 ஊருக்கெல்லாம் அளவுகோல் ஆயிற்று. அதற்குப் பின் வந்த யூனிக்ஸ் பணிநிலையத்தில் முனையமே இல்லை, எக்ஸ்டெர்ம் என்ற ஒரு சன்னல்தான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981இல் பிறந்த கெர்மிட் என்ற மென்பொருள் மோடத்தைச் சுழற்றி மறுபக்கத்துக் கணினியைப் பிடித்துத் தரும். பலர் கெர்மிட்தான் முனையமாக நடிக்கிறது என்று நினைப்பார்கள். டாஸில் அது உண்மை. யூனிக்ஸில் கெர்மிட் வெறும் குழாய். வேடம் போடுவது சன்னல்.

அந்தக் குழாயில் தமிழ் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். 1990களின் இறுதியில் கோலாலம்பூர் முத்து நெடுமாறன் போன்றோர் மின்னஞ்சலிலேயே விவாதித்து உருவாக்கிய திஸ்கி குறிமுறையில் 'தமிழ்' என்பது 190, 193, 162, 250 என்று நான்கு எண். எல்லாம் 128க்கு மேல், அதாவது எட்டாவது பிட் நிமிர்ந்தவை. பழைய கெர்மிட்டோ ஏழு பிட்டே போதும் என்று எட்டாவதை வெட்டிவிடும். நான்கிலும் 128 குறைந்தால் 62, 65, 34, 122: கணக்கில் போடும் 'பெரிது' குறி, ஆங்கில ஏ, இரட்டை மேற்கோள், இசட். நம் மொழியின் பெயர் திரையில் இப்படி நிற்கும்! செட் டெர்மினல் பைட்சைஸ் 8 என்று கட்டளை கொடுத்தால் மறுபக்கத்துக்கும் கெர்மிட்டுக்கும் இடையில் சரியாகும். செட் கமாண்ட் பைட்சைஸ் 8 என்றும் கொடுத்தால்தான் கெர்மிட்டுக்கும் சன்னலுக்கும் இடையில் சரியாகும். ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு எழுத்துருவைத் திட்டியவர்கள் ஏராளம்.

இனி போலி. இப்படி முனையமாக நடிக்கும் எமுலேட்டரை முனையப்போலி என்றால் போலி மருந்து நினைவு வருகிறதாம். போன்மி என்றும் சிலர் ஆக்கியிருக்கிறார்கள். நல்ல ஆக்கம்தான், ஆனால் தேவையில்லை. நம் இலக்கணத்தில் போலி ஏமாற்று அல்ல. பந்தல் பந்தர் ஆகிறது, நிலம் நிலன் ஆகிறது. எழுத்து மாறியும் பொருள் மாறவில்லை, அதனால் போலி. எக்ஸ்டெர்ம் செய்வது எழுத்துக்கு எழுத்து இதுவே: பெட்டி போய்ச் சன்னல் வந்தது, மறுபக்கத்துக் கணினிக்கு வேறுபாடு தெரியவில்லை. போலியைக் கள்ளச் சரக்காக்கியது பின்வந்த வணிக வழக்கு. அதற்காக நன்னூல் எழுதிய பவணந்தியார் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

    

திருமுனைப்பாடி முனையும் கணினி முனையமும் ஒரே முனை. முனையம் என்ற சொல்லை ஆக்கியவர் இதையெல்லாம் எண்ணித்தான் ஆக்கினாரா என்று கேட்டால் என்னிடம் சான்று இல்லை. ஆனால் சொல் எண்ணியிருக்கிறது. கடையம் கட்சிக்காரர் எந்த அகராதியைக் கொண்டுவந்தாலும் நான் மாறப்போவதில்லை.