கடாரத்துக் கடலோடிகள் விட்டுச் சென்ற செல்வம்

தென்மேற்குப் பருவக்காற்றில் பாய் விரித்து வங்கக் கடலைக் கடந்து வந்த மரக்கலங்களுக்கு, தொலைவிலேயே வழிகாட்டி நின்றது 1,200 மீட்டருக்கும் மேல் உயர்ந்த ஜெராய் மலை. அதன் அடிவாரத்து மெர்போக் ஆற்று முகத்துவாரம் அவர்களின் புகலிடமாயிற்று. காற்றுத் திசை திரும்பும்வரை மாதக்கணக்கில் தங்கிய வணிகர், தாம் தங்கிய இடத்தில் இறைவனுக்கும் இடம் தேடினர்.

இந்நிலமே பழந்தமிழர் போற்றிய கடாரம். பட்டினப்பாலை 'காழகம்' எனக் குறிப்பிடுவதும் இதனையே என்பர். முதலாம் இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் இங்குக் கடற்படை செலுத்திக் 'கடாரம் கொண்டான்' எனப் பெயர் பெற்றதை அனைவரும் அறிவர். ஆயினும் படையெடுப்புக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே வணிகம் இங்கு வேரூன்றியிருந்தது. செபராங் பிறையில் 1834இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் மாநாவிகனைப் பற்றிக் கூறுகிறது. மாநாவிகன் என்றால் பெருங்கடலோடி. அக்கல் இன்று கொல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது.

இந்த வரலாற்றை நம் கண்முன் நிறுத்துவது மெர்போக்கில் 1980இல் திறக்கப்பட்ட பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம். 1936-37இல் குவாரிச் வேல்ஸ் ஆராய்ந்த புக்கிட் பத்து பகாட் ஆலயம், 1960இல் அலஸ்டர் லேம்ப் முயற்சியால் சீரமைக்கப்பட்டு இவ்வளாகத்தில் நிற்கிறது. இது சிவாலயம் என்பது அறிஞர் பலரின் கருத்து. கருவறையும் முன்மண்டபமும் கொண்ட அமைப்பு நமக்குப் புதிதன்று. அங்குக் கிடைத்த கற்பேழைகளில் பொன்னும் மணியும் இருந்தன. சிலையின் கீழ் நவரத்தினம் இட்டுப் பிரதிட்டை செய்யும் நம் வழக்கத்தை அவை நினைவூட்டுகின்றன.

இப்பெருமை வந்தவர்க்கு மட்டும் உரியதன்று. 2009 முதல் சுங்கை பத்துவில் நடந்த அகழாய்வுகள், இரும்பு உருக்கிய உலைகளையும் படகுத்துறைகளையும் வெளிப்படுத்தின. உள்ளூர் மக்களின் உழைப்பும் அயலவரின் கலமும் இணைந்தே கடாரம் வளர்ந்தது.

ஆனால் காக்கப்படாதவை என்னவாயின? 2013இல், 11ஆம் எண் பெற்ற பழங்கோயிலின் எச்சம், நில மேம்பாட்டுப் பணியில் இடித்துத் தள்ளப்பட்டது. ஆயிரம் ஆண்டு நின்ற கல், ஒரே நாளில் மண்ணாகக் கூடும்.

இப்படிப்பினை நமக்கும் உரியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் ஆலயங்கள் பலவும் இடம்பெயர்ந்தன. அவற்றின் பழைய படங்களையும் கணக்கேடுகளையும் திருவிழா அழைப்பிதழ்களையும் ஆலய நிர்வாகங்கள் பேணிக் காத்தல் வேண்டும். விடுமுறை நாளில் பிள்ளைகளை மெர்போக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். முன்னோர் கடல் கடந்து வந்து வழிபட்ட இடத்தை அவர்கள் காணட்டும். காத்தலும் ஒரு திருப்பணியே என்பதை உணரட்டும்.