யார் நீங்கள், எங்கிருந்து வாறீங்கள்?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை எங்கள் திருகோணமலைக் கரையையும் அடித்தது. சில வாரங்களுக்குள் இலங்கை மென்பொருளாளர்கள் தொண்டாகச் சேர்ந்து ‘சஹானா’வை எழுதினார்கள். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவிக் கோரிக்கைகள் எல்லாம் அதில் பதிவாகின. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் அது உதவியது.

அந்தத் தகவல்களைத் தாங்கியது மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம். அதையே இன்று எங்கள் மடிக்கணினியில் நிறுவி, கட்டளை வரியால் உள்ளே போகப் பார்த்தால் அடிக்கடி மறுக்கும். பிழை எண்ணைப் பாருங்கள். 2002 என்றால் பெரும்பாலும் சேவர் ஓடவே இல்லை. கடவுச்சொல்லை மாற்றிப் பிரயோசனமில்லை. 1045 என்றால் சேவர் ஓடுது, எங்களைத்தான் ஏற்கவில்லை.

அது பெயரோடு, எங்கிருந்து வாறோம் என்பதையும் பார்க்கும். ஒரே பெயர், வேறு இடம் என்றால் வேறு கணக்கு. சோதனைச்சாவடிகளில் வரிசையில் நின்ற எங்கள் பெற்றோருக்கு இந்த இரண்டு கேள்வியும் பழசு. உபுண்டுவில் ரூட் கணக்கு வழமையாகக் கடவுச்சொல் கேட்காது; ‘சுடோ மைஎஸ்க்யூஎல்’ என்று போகவேணும்.

அனுமதிச் சோதனையையே நிறுத்திவிடும் குறுக்குவழியும் உண்டு. ரூட் கடவுச்சொல் மறந்தால் கொஞ்ச நேரத்துக்கு அது உதவும். அப்படியே விட்டால், அந்தக் கணினிக்குள் வரும் எவரும் எதையும் அழிக்கலாம். அது காணாமற்போனோர் பட்டியலாக இருந்தால், பிள்ளையைத் தேடி வந்த தாய்க்கு என்ன சொல்லுவம்?