புலித்தலை இராட்சதர்: ஒரு மேசை விளையாட்டின் ஐம்பது ஆண்டுப் பதிப்புகளும் நமது கதைகளும்

எபினே-சூர்-செய்னிலோ லாச்சப்பலிலோ வளரும் பிள்ளை ஒருநாள் பள்ளி நண்பர்களிடமிருந்து தடித்த புத்தகம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவரலாம். பிரெஞ்சில் அதன் பெயர் ‘தோன்ஜோன் எ திராகோன்’. ஆங்கிலத்தில் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’. உள்ளே புரட்டினால் புலித்தலையும் பட்டாடையுமாக ஓர் உருவம் நிற்கும். அதன் பெயர் ‘ராக்ஷசா’. நமது இராட்சதர்தான். அவர் அங்கே எப்படிப் போனார், பதிப்புக்குப் பதிப்பு எப்படி மாறினார், அவரோடு அந்த விளையாட்டு எப்படி மாறியது என்பதே இக்கட்டுரை.

விளையாட்டு என்ன?

இதற்குப் பலகையும் காயும் கட்டாயமில்லை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாம் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகங்கொண்ட தாயக்கட்டை முடிவு செய்யும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இரு அமெரிக்கர்கள் 1974இல் இதை வெளியிட்டார்கள். விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இயங்கிய ரி.எஸ்.ஆர் நிறுவனம் அதன் பதிப்பாளர்.

முதற் பதிப்பு: கடவுளருக்கும் எண்கள்

1977 முதல் 1979 வரை மூன்று புத்தகங்களாக ‘அட்வான்ஸ்ட்’ பதிப்பு வந்தது. முதலாவது, விலங்குகளையும் அரக்கர்களையும் தொகுத்த ‘மொன்ஸ்டர் மனுவல்’. இராட்சதர் அதிலேயே இருக்கிறார். புலித்தலை, கையில் சுங்கான், வசதியான நாற்காலி. முதலில் இந்தியாவில் அறியப்பட்ட தீய ஆவி என்பது அவருக்குத் தரப்பட்ட அறிமுகம். எதிரில் நிற்பவர் நம்பும் ஆளின் உருவத்தை எடுத்து ஏமாற்றுவார். மந்திரிக்கப்பட்ட குறுக்குவில்லின் அம்பு பட்டால் உடனே இறப்பார். இந்த அம்பு கம்பனிலும் இல்லை, வால்மீகியிலும் இல்லை. 1974இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘கோல்சாக்’ என்ற திகில் தொடரின் ஓர் அத்தியாயத்தில் இருக்கிறது.

1980இல் வந்த ‘டீட்டீஸ் அன்ட் டெமிகோட்ஸ்’ என்ற நூல் இன்னும் ஒரு படி போனது. கிரேக்க, எகிப்திய, வட ஐரோப்பியக் கடவுளரோடு இந்தியக் கடவுளருக்கும் ஒரு பகுதி ஒதுக்கி, இந்திரன், அக்கினி, விஷ்ணு, காளி, இலக்குமி, கார்த்திகேயன் என வரிசைப்படுத்தியது. ஒவ்வொருவருக்கும் உயிர்ப்புள்ளி இத்தனை, கவசம் இத்தனை என்று எண் இட்டது. நல்லூரில் தேரேறி வரும் முருகன் அந்த நூலில் ஒரு போர்த்தெய்வத்தின் அட்டவணை. எண் இருந்தால் போரிடலாம், போரிட்டால் கொல்லலாம் என்பது விளையாட்டின் தர்க்கம். நமது கதையில் சூரபன்மன் கூட அழிவதில்லை. பிளவுண்டு மயிலும் சேவலுமாகி, முருகனுக்கு வாகனமும் கொடியும் ஆகிறான். எதிரியை ஏற்றுக்கொண்டு முடிகிற கதைக்கு அந்த அட்டவணையில் கட்டம் இருக்கவில்லை.

மனிதரையும் அப்பதிப்பு பிறப்பால்தான் அளந்தது. 1978ஆம் ஆண்டு விதிநூலில் பெண் பாத்திரத்தின் உடல்வலுவுக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு இருந்தது. குள்ளர், எல்வ் போன்ற ‘இனங்கள்’ சில தொழில்களைச் செய்யவே முடியாது. செய்யக்கூடிய தொழிலிலும் பெரும்பாலும் ஓர் எல்லைக்கு மேல் உயர முடியாது. பிறப்பைப் பார்த்துத் தொழிலை ஒதுக்கும் முறை நமக்குப் புதிதல்ல.

இரண்டாம் பதிப்பு: பயமும் பெயர்மாற்றமும்

1980களில் அமெரிக்காவில் இது பேய்வழிபாடு என்று பெற்றோர் இயக்கங்கள் எதிர்த்தன. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘டீமன்’, ‘டெவில்’ என்ற சொற்கள் நீக்கப்பட்டன. பின்னர் அதே உருவங்கள் ‘தனாரி’, ‘பாட்டேசு’ என்ற புதுப் பெயர்களோடு திரும்பி வந்தன. பெண்களுக்கான வலு வரம்பும் இப்பதிப்பில் போனது. இனவாரியான எல்லைகள் நின்றன.

பிரான்சிலும் பயம் வந்தது. 1990 மே மாதம் கார்ப்பந்த்ராஸ் நகரின் யூத மயானம் நாசமாக்கப்பட்டபோது, இத்தகைய விளையாட்டு ஆடும் இளைஞர்கள் மீதும் சந்தேகம் விழுந்தது. 1996இல் உண்மை வெளிவந்தது. செய்தவர்கள் நவநாசிகள். சிறிய குழு ஒன்றைச் சந்தேகிப்பது எவ்வளவு எளிது, அந்தச் சந்தேகம் கலைய எத்தனை ஆண்டு எடுக்கும் என்பதை நமது சமூகத்துக்கு விளக்கத் தேவையில்லை.

மூன்றாம், நான்காம் பதிப்புகள்

1997இல் ரி.எஸ்.ஆரை விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு விதிகளை ஒழுங்குபடுத்தியது. இருபது முகக் கட்டையை உருட்டு, கூட்டு, இலக்கை எட்டினால் வெற்றி. அதோடு எந்த இனத்தவரும் எந்தத் தொழிலும் செய்யலாம், எவ்வளவும் உயரலாம் என்றானது. அடிப்படை விதிகளைப் பிறரும் பயன்படுத்தத் திறந்த உரிமம் ஒன்றும் தரப்பட்டது.

2002இல் கடவுளர் நூல் மீண்டும் வந்தபோது கிரேக்க, எகிப்திய, வட ஐரோப்பியக் கடவுளர் இருந்தார்கள். இந்தியக் கடவுளர் இல்லை. 2014ஆம் ஆண்டு விதிநூலின் பின்னிணைப்பிலும் இல்லை. இன்றும் கும்பிடப்படும் தெய்வங்களுக்கு உயிர்ப்புள்ளி இடாதது ஒருவகையில் நல்லதே. ஆனால் தெய்வங்கள் போன பிறகும் இராட்சதர் மட்டும் தங்கிவிட்டார்.

2008இன் நான்காம் பதிப்பு கட்டமிட்ட வரைபடப் போரை மையமாக்கியது. அது பிடிக்காதவர்கள் ‘பாத்ஃபைண்டர்’ என்ற போட்டி விளையாட்டுக்குப் போனார்கள். ஆனால் 2009இல் இப்பதிப்பு ஒரு சுவையான காரியம் செய்தது. பிறவி தோறும் மீண்டும் பிறக்கும் ‘தேவா’வை விளையாடத்தக்க பாத்திரமாக்கி, தீமையில் விழும் தேவா இராட்சதராகப் பிறக்கக்கூடும் என்றது. பெயரை மட்டும் எடுக்காமல் மறுபிறப்பு என்ற கருத்தையும் விளையாட்டு இங்கே தொட்டது.

ஐந்தாம் பதிப்பு: பிறப்பிலிருந்து வளர்ப்புக்கு

2014இன் ஐந்தாம் பதிப்பில் இராட்சதரின் பூர்வீகம் நரகமாகிவிட்டது. இந்தியா பற்றிப் பேச்சில்லை. உள்ளங்கை மட்டும் பின்புறம் திரும்பியிருக்கும். ஊரிழந்து பெயரோடு மட்டும் அலைகிற நிலை அவருக்கும் வந்தது.

மாற்றம் எழுதுபவர்கள் மாறியபோது வந்தது. இரண்டாம் பதிப்புக் காலத்தில் ‘சிறி ராஜி’ என்றொரு இந்தியச் சாயல் நாடு இருந்தது. அதை 2021இல் ‘கலகேரி’ என்று புதிதாக எழுதியவர் அஜித் ஜோர்ஜ். தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள சாந்தி பவன் பள்ளியின் நிர்வாகத்திலும் பணியாற்றியவர். அவர் இணைந்து வழிநடத்திய 2022ஆம் ஆண்டு நூல் ‘ஜேர்னீஸ் துரூ த ரேடியன்ட் சிட்டடெல்’. வெள்ளையரல்லாத எழுத்தாளர்கள் எழுதிய பதின்மூன்று கதைகள் அதில் உண்டு. வங்காளச் சாயலுள்ள கதையை மிமி மொண்டல் எழுதினார். சிதறிய பல நாகரிகங்களின் சந்ததிகள் கூடி மீட்டெடுத்த நகரமே அந்நூலின் களம். புலம்பெயர்ந்த வீட்டில் வளரும் பிள்ளைக்கு அதைப் புரியவைக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை.

2024இல் திருத்திய விதிநூல் ‘இனம்’ என்ற சொல்லையே கைவிட்டு ‘உயிரினம்’ என்ற பொருளுள்ள சொல்லை ஏற்றது. முன்பு பிறப்பைப் பொறுத்துக் கிடைத்த வலு, அறிவு முதலியவற்றின் கூடுதல் புள்ளிகள், இப்போது பாத்திரம் எங்கே வளர்ந்தது, என்ன தொழில் பழகியது என்பதைப் பொறுத்தே கிடைக்கின்றன. ஐம்பது ஆண்டுகளில் இந்த விளையாட்டு அடைந்த ஆகப் பெரிய மாற்றம் இதுவே.

நமக்கு என்ன?

2023 ஜனவரியில் நிறுவனம் பழைய திறந்த உரிமத்தை இறுக்க முயன்றது. எதிர்ப்பு பலமாகவே பின்வாங்கி, அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டது. பெயர் குறிப்பிட்டால் போதும், யாரும் எடுத்து எழுதலாம், மொழிபெயர்க்கலாம், விற்கலாம். அதில் இராட்சதரும் அடக்கம்.

ஆகவே பிள்ளை இந்தப் புத்தகத்தோடு வந்தால் எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். பழையதானால் அதன் கணக்குகளைப் பற்றிப் பேச விடயம் நிறைய உண்டு. பிறகு மேசையில் நீங்களும் இருங்கள். இது பேசி விளையாடும் விளையாட்டு. எந்த மொழியில் பேச வேண்டும் என்று எந்தப் பதிப்பிலும் விதியில்லை. நாட்டுக்கூத்தில் இராவணன் எப்படி மேடையேறுவான், சூரன் ஏன் மாமரமானான் என்று அம்மம்மா சொன்னால், பிள்ளை அதைத் தாயக்கட்டையோடு தமிழில் ஆடிப் பார்க்கலாம்.