கைதட்டல் ஓய்ந்த பிறகு: கொள்ளைநோயும் வேலைத்தளமும் சாதியும்

எங்கள் பகுதியில் உள்ள தூய்மைப் பணியாளர் குடியிருப்புக்கு ஒரு கணக்கெடுப்புக்காகப் போயிருந்தோம். ஓர் அக்கா பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திய சான்றிதழை எடுத்துக் காட்டினார். 'கொரோனா முன்களப் பணியாளர்' என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். 2020இல் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஒப்பந்ததாரர் மாறியபோது, பதினொரு வருடம் வேலை பார்த்த அவரைப் புதிய ஆளாகச் சேரச் சொன்னார்கள். பழைய பி.எஃப். கணக்கில் பணம் கட்டப்பட்டதா என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. "இந்தக் காகிதத்த வெச்சு ஒரு நாள் லீவு கூட வாங்க முடியல தம்பி" என்றார்.

'கொரோனாவுக்குப் பிறகு வேலை உலகம் மாறிவிட்டது' என்று மனிதவளத் துறையினர் ஐந்தாண்டுகளாகப் பேசுகிறார்கள். வீட்டிலிருந்து வேலை, வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், மனநல விடுப்பு. இவை மாற்றங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் மடிக்கணினியில் செய்யக்கூடிய வேலை யாரிடம் இருக்கிறது, மலக்குழியும் குப்பை வண்டியும் யாரிடம் இருக்கிறது? இந்தக் கேள்வியோடு வரலாற்றைப் புரட்டினால் வேறொரு கதை கிடைக்கிறது.

இங்கிலாந்திலிருந்து தொடங்குவோம். 1348இல் அங்கே நுழைந்த கொள்ளைநோய் மக்கள்தொகையில் பெரும்பகுதியை அழித்தது. உழுவதற்கும் அறுப்பதற்கும் ஆளில்லை. உயிர்பிழைத்த தொழிலாளர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள்; கொடுக்காத பண்ணையை விட்டு அடுத்த பண்ணைக்குப் போனார்கள். அரசு என்ன செய்தது? 1349இல் ஓர் ஆணை, 1351இல் ஒரு சட்டம். கூலி நோய்க்கு முந்தைய அளவிலேயே இருக்க வேண்டும், அறுபது வயதுக்குட்பட்ட, நிலமோ பிழைப்புக்கு வேறு வழியோ இல்லாத எவரும் கூப்பிட்ட வேலையை மறுக்கக் கூடாது, மீறினால் தண்டனை. கொள்ளைநோய்க்குப் பிந்தைய மனிதவளக் கொள்கை என்று இதைச் சொல்லலாம். தொழிலாளியின் கை ஓங்கும்போது அதை முறுக்கச் சட்டம் வரும். ஆனால் அந்தச் சட்டத்தால் கூலி உயர்வை நெடுநாள் தடுக்க முடியவில்லை. காரணம், மக்கள் இடம்பெயர்ந்தார்கள், தொழில் மாறினார்கள். அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் 1381இல் உழவர் எழுச்சியாக வெடித்தது.

இனி பம்பாய்க்கு வருவோம். 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் பிளேக் கண்டறியப்பட்டது. சில மாதங்களில் நகரத்திலிருந்து லட்சக்கணக்கானோர் ஊருக்கு ஓடினார்கள். பஞ்சாலைகளில் ஆள் பற்றாக்குறை. அதுவரை ஆலை முதலாளிகள் ஒரு மாதக் கூலியைக் கையில் பிடித்துவைத்துக்கொண்டுதான் சம்பளம் கொடுப்பார்கள். தொழிலாளி ஓடாமல் இருக்க அதுதான் கயிறு. பிளேக் அந்தக் கயிற்றை அறுத்தது. தொழிலாளர்கள் அன்றன்றைய கூலியை அன்றன்றே கேட்டார்கள். தெருமுனையில் நின்று போட்டிபோட்டு ஆள்பிடிக்கும் நிலைக்கு முதலாளிகள் வந்தார்கள். நோய் தணிந்ததும் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவர முதலாளிகள் சங்கம் முனைந்தது.

அதே நகரத்தில் அதே மாதங்களில் இன்னொரு தொழிலாளர் கூட்டம் இருந்தது. மலம் அள்ளிய 'ஹலால்கோர்' எனப்பட்ட நகராட்சித் தொழிலாளர்கள். நோயாளிகளைக் கட்டாயமாக மருத்துவமனைக்குத் தூக்கிச்செல்லும் நடவடிக்கைக்குப் பயந்து இவர்கள் வெளியேறிவிட்டால் நகரமே நாறிப்போகும் என்று மாநகராட்சி ஆணையர் உண்மையிலேயே அஞ்சினார். அந்த அச்சத்தால் கெடுபிடிகள் தளர்த்தப்பட்டன. நகரத்தின் உயிர் இவர்கள் கையில்தான் இருந்தது. ஆனால் ஆலைத் தொழிலாளி செய்ததை இவர்களால் செய்ய முடிந்ததா? முடியவில்லை. துப்புரவுப் பணியாளர் முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு விலகினால் சிறை என்று பம்பாய் மாகாணத்தில் 1890லேயே சட்டம் இருந்தது. அதைவிடப் பெரிய சிறை சாதி. ஆலைக்குள்ளும் அது இருந்தது: அறுந்த நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும் என்பதால், கூடுதல் கூலி கிடைத்த நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதோரைச் சேர்க்கவில்லை. இதைப் புரட்சியாளர் அம்பேத்கர் பின்னாளில் மேடைகளில் கேள்வி கேட்டார். இங்கிலாந்து உழவன் அடுத்த பண்ணைக்குப் போனான். நம் மக்களுக்கு அடுத்த பண்ணை இல்லை.

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களைப் பிரித்து அடைக்கும் முறை என்று அம்பேத்கர் சொன்னதன் பொருள் இங்கே விளங்கும். ஆள் பற்றாக்குறை வந்தால் கூலி உயரும் என்பது பொருளாதாரப் பாடம். சாதி உள்ள இடத்தில் அந்தப் பாடம் பொய்க்கிறது.

2020க்கு வருவோம். மார்ச் 22 அன்று நாடே கைதட்டியது. மே மாதம் மருத்துவமனைகள் மீது ஹெலிகாப்டரில் பூத் தூவினார்கள். தமிழகத்தில் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயர் 'தூய்மைப் பணியாளர்' ஆனது. இடையில் என்ன நடந்தது? ஏப்ரல் 17 அன்று குஜராத் அரசு ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு அனுமதி தந்தது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி வேண்டாம், சாதாரணக் கூலி போதும் என்றது. பெரும்பாலான தொழிலாளர் சட்டங்களை மூன்றாண்டுகளுக்கு நிறுத்திவைக்கும் அவசரச் சட்டத்துக்கு உத்தரப் பிரதேச அமைச்சரவை ஒப்புதல் தந்தது. குஜராத் அறிவிக்கையை 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நோயின் சுமையைத் தொழிலாளியின் முதுகில் ஏற்ற முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

தமிழகமும் விலக்கல்ல. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. அம்பேத்கர் வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில் நடந்த முயற்சியால், ஆலைகளின் வார வேலை நேரம் 1946இல் 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைந்தது. அந்த உரிமையில்தான் கைவைக்கப் பார்த்தார்கள்.

நாம் கவனிக்கத் தவறியது இன்னொன்று. கொரோனா உச்சத்தில் இருந்த 2020 செப்டம்பரில் மூன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறைக்கு வந்துவிட்டன. பணிப் பாதுகாப்புத் தொகுப்பு, ஒரு நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எது மையப் பணி அல்ல என்ற பட்டியலின் தொடக்கத்திலேயே பெருக்குதல், சுத்தம் செய்தல், கழிவு அகற்றுதல் இருக்கின்றன. அந்த நிறுவனமே துப்புரவுக்காக அமைக்கப்பட்டதாக இருந்தால்தான் விலக்கு. ஆக, கல்லூரியோ மருத்துவமனையோ ஐ.டி. வளாகமோ, கழிப்பறை கழுவுபவரை நிரந்தரமாக ஒப்பந்தத்திலேயே வைத்திருக்கலாம். பூத் தூவிய அதே ஆண்டில் 'நீங்கள் மையம் அல்ல' என்று எழுதிவைத்தார்கள்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தது இதற்காகத்தான். இரண்டு மண்டலங்களின் பணியைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்றார்கள். பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். கொரோனாவில் வேலை செய்தவர்கள் நாங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது.

தோழர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அனுதாபம் அல்ல, வேலைத்திட்டம். நீங்கள் படிக்கும் கல்லூரியில் காலை ஆறு மணிக்குக் கூட்டிப் பெருக்கும் அம்மாவின் முதலாளி யார்? அவருக்குச் சம்பளச் சீட்டு உண்டா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் அவருக்குத் தெரியுமா? ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினால் கல்லூரி நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. அதை அவரிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா? இந்த நான்கு கேள்விகளோடு ஒரு வாரம் உங்கள் வளாகத்தைச் சுற்றி வாருங்கள். விடைகளை எழுதி வையுங்கள், சங்கத்திடம் கொடுங்கள்.

அந்த அக்காவிடம் நாங்களும் இதே கேள்விகளைத்தான் கேட்டோம். இப்போது பி.எஃப். அலுவலகத்தில் அவருடைய மனு இருக்கிறது. சான்றிதழின் நகலையும் இணைத்திருக்கிறோம். அவர் அந்த ஆண்டு வேலை செய்தார் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

ஜெய் பீம்.