ஹெர்ஷாஃப்டின் சிவப்பு ஒயின்

சுவிட்சர்லாந்தின் கிழக்கே, கிராபுண்டன் மாநிலத் தலைநகரான கூருக்கு வடக்கில், ரைன் ஆற்றின் வலக்கரையில் ஃபிளேஷ், மையன்ஃபெல்ட், யெனின்ஸ், மலான்ஸ் ஆகிய நான்கு ஊர்கள் உள்ளன. இவை சேர்ந்ததே பியூண்ட்னர் ஹெர்ஷாஃப்ட். நாட்டின் மிகச் சிறந்த பினோ நுவார் ஒயின்கள் சில இங்கே உருவாகின்றன.

இப்பகுதியின் திராட்சைச் சாகுபடி மிகப் பழையது. மலான்ஸில் விளையும் கொம்ப்ளேட்டர் என்ற வெள்ளை இரகம் 1321-லேயே ஆவணத்தில் இடம்பெற்றுள்ளது. 1509-இல் மூன்று கூட்டணிகள் எனப்பட்ட அன்றைய கிராபுண்டன் அரசு மையன்ஃபெல்ட் பிரபுத்துவத்தை விலைக்கு வாங்கியது. 1803-இல் கிராபுண்டன் சுவிஸ் கூட்டமைப்பில் இணைந்தது.

சிவப்பு இரகம் வந்த கதை போரோடு கலந்தது. முப்பதாண்டுப் போரின்போது பிரெஞ்சுத் தளபதி ரோஹான் பிரபு கிராபுண்டனில் படை நடத்தினார். அவர் காலத்தில்தான் பர்கண்டியிலிருந்து பினோ நுவார் கொடிகள் வந்தன என்பது உள்ளூர் மரபு. 1637-இல் யோர்க் யெனாட்ச் தலைமையில் எழுந்த கிளர்ச்சி அவரை வெளியேற்றியது. பிளாவ்புர்குண்டர் என்ற பெயரில் கொடி மட்டும் வேரூன்றிவிட்டது.

அது நிலைத்ததற்கு மண்ணும் காற்றும் காரணம். ஆல்ப்ஸின் தெற்குப் பக்கத்திலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் ஃபோன் காற்று, இறங்க இறங்கச் சூடேறி வறண்டுபோகும். மழைக்குப்பின் குலைகளை உலர்த்திப் பூஞ்சணத்தைக் குறைக்கிறது. இலையுதிர் காலத்தில் பழங்களைக் கனியவைக்கிறது. மேற்கு, தென்மேற்கு நோக்கிய சரிவுகளின் சரளை கலந்த மண்ணில் நீர் தேங்குவதில்லை.

அந்நாளில் பழம் பிழிய டோர்க்கெல் என்ற மர அழுத்துபொறி பயன்பட்டது. நீண்ட மரத்தண்டின் ஒரு முனையில் திருகு. அதைத் திருப்பத் திருப்பத் தண்டு கீழிறங்கிப் பழத்தை நசுக்கும். அப்படிக் கிடைத்தது பெரும்பாலும் இலேசான ஒயின். முதிரவைத்துச் சேமிக்கப்படாமல், ஊரிலேயே இளம் நிலையில் குடிக்கப்பட்டது.

20-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் நிலை மாறியது. ஃபிளேஷில் தானியேல், மார்த்தா கான்டென்பைன் தம்பதியர் 1980-களில் தொடங்கி, பர்கண்டியின் கொடி வகைகளை நட்டு, கொடிக்குக் குலைகளைக் குறைத்து, சிறு ஓக் பீப்பாய்களில் ஒயினை முதிரவைத்தனர். 2006-இல் எழுந்த அவர்களுடைய ஒயின் கூடத்தின் செங்கற்சுவர், சூரிக் தொழில்நுட்பப் பல்கலையின் ரோபோ ஒவ்வொரு கல்லையும் சற்றே திருப்பி அடுக்கியது. கற்களின் இடைவெளியால் வெளிச்சம் உள்ளே வரும். தொலைவிலிருந்து பார்த்தால் சுவரில் திராட்சைப் பழங்கள் உருண்டு கிடப்பதாகத் தெரியும்.

இன்று இந்த ஒயின்களைச் சேகரிப்போர் தேடுவதற்குத் தரத்தோடு அளவும் காரணம். கிராபுண்டன் முழுவதும் சுமார் 420 ஹெக்டேரில்தான் திராட்சை விளைகிறது. சுவிஸ் ஒயினில் 100 லிட்டருக்கு ஏறத்தாழ 1 அல்லது 2 லிட்டரே வெளிநாடு போகிறது. மற்றதெல்லாம் நாட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. சுவிஸ் ஒயின் முதிரும் வல்லமை கொண்டது என்று காட்டுவதற்காக 2002-இல் மெமுவார் தே வேன் சுவிஸ் என்ற அமைப்பு உருவாகி, தேர்ந்த ஒயின்களை ஆண்டுவாரியாகப் பாதுகாத்து வருகிறது.