பஸ்ஸின் பழைய பெயின்டும் பள்ளிவாசலின் தூண்களும்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமுள்ளவர்கள் கடைசி வரை வாசியுங்கள். முடிவில் நமது ஊர் விடயமும் ஒன்று இருக்கிறது.

போன வாரம் தரம் 10 வகுப்பில் வரலாற்று மூலாதாரங்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்: "சேர், ஒரு சாமானைப் பழையபடி திருத்துறதெண்டு சொல்றாங்களே, எந்தப் பழையபடி?" நல்ல கேள்வி. அதற்குப் பதிலாக ஒரு பஸ்ஸின் கதையைச் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

அது 1939ஆம் ஆண்டு இன்டர்நெஷனல் ஹார்வெஸ்டர் கம்பனி செய்த பாடசாலை பஸ். கலிஃபோர்னியாவில் ஒரு குடும்பஸ்தர் அதை வாங்கி, பிள்ளைகளோடு பயணம் போவதற்காக உள்ளே படுக்கைகளும் சமையலறையும் போட்டு, ஓடும் வீடாக மாற்றியிருந்தார். 1964இல் கென் கீசி என்ற நாவலாசிரியர் அதை வாங்கினார். இரண்டு வருடங்களுக்கு முன் வெளிவந்த நாவலொன்றால் அவர் ஏற்கனவே பிரபலம். அவரும் நண்பர்களும் ஆளுக்கொரு தூரிகை எடுத்து, கையில் கிடைத்த நிறங்களையெல்லாம் பஸ்ஸின் மேல் பூசினார்கள். நெற்றியில் அதன் பெயரை எழுதினார்கள். 'இன்னும் அப்பால்' என்று பொருள்படும் அந்த ஆங்கிலச் சொல்லையும் எழுத்துப் பிழையோடுதான் எழுதினார்கள். பிறகுதான் திருத்தினார்கள்.

அந்த வருடம் ஜூன் மாதம் பஸ் புறப்பட்டு, அமெரிக்காவைக் குறுக்கே கடந்து, உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த நியூயோர்க்கை அடைந்தது. அந்தக் கூட்டத்தின் போதைப் பழக்கத்தை நான் மெச்சவில்லை, மாணவர்களுக்கும் அதைச் சொல்லியே தொடங்கினேன். ஆனால் 1960களின் அமெரிக்க இளைஞர்களைப் பற்றி எழுதும் எந்த வரலாற்றாசிரியரும் இந்த பஸ்ஸைத் தாண்டிப் போக முடியாது. பிடிக்காதவர்களின் தடயமும் வரலாற்றுக்குத் தடயம்தான்.

இனி விடயத்துக்கு வருவோம். அந்த பஸ்ஸுக்கு ஒரு தடவை மட்டும் பெயின்ட் அடிக்கவில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் பழைய படத்தின் மேல் புதுப் படம் ஏறியது. 1969 ஓகஸ்டில் வூட்ஸ்டொக் இசை விழாவுக்கு அது போனபோது அதன் தோற்றம் 1964இன் தோற்றமல்ல. அதன்பின் ஒரெகன் மாநிலத்தில் கீசியின் பண்ணையில் நின்றது. கடைசியில் அங்கிருந்த சதுப்பு நிலத்து மரங்களுக்கிடையே பாசியும் துருவும் பிடித்துக் கிடந்தது.

1990இல் கீசி 1947ஆம் ஆண்டு பஸ் ஒன்றை வாங்கி, அதே பாணியில் பெயின்ட் அடித்து, ஸ்மித்சோனியன் நூதனசாலைக்குக் கொண்டுபோவதாகச் சொல்லிக்கொண்டு புறப்பட்டார். நூதனசாலை ஏமாறவில்லை. பளபளப்பான புது பஸ் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அவர்கள் கேட்டது சதுப்பில் கிடந்த அந்தத் துருப்பிடித்த பஸ்ஸை. கீசி 2001இல் இறந்தார். அசல் பஸ்ஸைக் குடும்பத்தார் 2005இல் டிரக்டர் கட்டி வெளியே இழுத்தெடுத்தார்கள்.

இங்கேதான் மாணவியின் கேள்வி வருகிறது. 1964இன் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் மேலேயுள்ள 1969ஐச் சுரண்ட வேண்டும். 1969ஐ வைத்துக்கொண்டால் 1964 அடியில் புதைந்தே கிடக்கும். ஒன்றுமே செய்யாவிட்டால் துரு இரண்டையும் தின்றுவிடும்.

பெயின்ட் ஏன் கெடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெயின்டில் நிறம் தரும் தூளும், அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசினும் இருக்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பிலுள்ள பிசினை முதலில் அழிக்கிறது. பிடிமானம் போன தூள் வெளியே நிற்கிறது. பழைய வேனைத் தடவினால் கையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுவது அதுதான். கழுவி, கொம்பவுண்ட் போட்டுத் தேய்த்து, மெழுகு பூசினால் அடியிலுள்ள நல்ல பெயின்ட் மினுங்கும். பாதிப்பேர் மங்கலைப் பார்த்தவுடனே முழுவதையும் சுரண்டிப் புதிதாக அடிக்கிறார்கள். தேவையே இருக்காது. ஆனால் ஒவ்வொரு தேய்ப்பும் ஒரு மெல்லிய படையை எடுத்துவிடுகிறது என்பதையும் மறக்கக்கூடாது. அந்த பஸ்ஸில் பூசியது போன்ற ஒளிரும் நிறங்கள் வெயிலில் இன்னும் சீக்கிரம் வெளிறிவிடும். அவற்றைத் தேய்த்து மீட்க முடியாது.

என்ன வகைப் பெயின்ட் என்பதும் முக்கியம். 1920களுக்கு முன் வாகனங்களுக்கு வார்னிஷ்தான். பல படைகள் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். 1923-24இல் டூபொன்ட் கம்பனியின் 'டூகோ' என்ற நைட்ரோசெலுலோஸ் லெக்கர் ஓக்லண்ட் கார்களுக்கு வந்தது. அந்த வாரக்கணக்கு மிகவும் சுருங்கிப்போனது. பின்னர் எனமல், அதன்பின் அக்ரிலிக் என்று வளர்ந்தது. லெக்கர் எத்தனை வருடமானாலும் தின்னரில் கரையும், இறுகிய எனமல் அப்படிக் கரையாது. அதனால் மறைவான ஓர் இடத்தில் பஞ்சில் தின்னர் தொட்டுப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். தெரியாமல் எனமலுக்கு மேல் லெக்கரை அடித்தால் அடியிலுள்ளது சுருங்கி எழும்பும். நல்ல பாஸ்மார் இதை அனுபவத்திலேயே சொல்வார்கள்.

நூதனசாலைப் பாதுகாவலர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். கடுகளவு பெயின்ட் துண்டொன்றை எடுத்து, பிசினில் பதித்து, குறுக்காக மெருகிட்டு, நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். மரத்தின் வளையங்கள் போல அடுக்குகள் வரிசையாகத் தெரியும். அல்லது ஒரு சிறு வட்டத்தை மட்டும் படிப்படியாகத் தேய்த்து, எல்லா நிறங்களும் வளையம் வளையமாகத் தெரியும்படி விடுகிறார்கள். எழும்பி நிற்கும் செதில்களை, பின்னர் கரைத்து எடுக்கக்கூடிய பசையால் ஒட்டுகிறார்கள். நாளைக்கு நம்மைவிட விவரமானவர் வந்தால் நமது வேலையைக் கழற்றிவிட்டுச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். அவர்களது அடிப்படை விதி அது.

ஆகவே அந்த மாணவிக்கு நான் சொன்ன பதில்: "மகள், ஒரு அடுக்கு மட்டும் அசல் இல்லை. எல்லா அடுக்கும் சேர்ந்துதான் அந்த பஸ். 1964 எப்படி இருந்ததென்று பார்க்க அவர்கள் பயணத்தில் எடுத்த படச்சுருள் இருக்கிறது. அதற்காக 1969ஐ அழிக்கத் தேவையில்லை. வேண்டுமென்றால் இன்னொரு பஸ்ஸில் அதே மாதிரி வரைந்துகொள்ளலாம்."

இப்போது நமது ஊர் விடயம். பள்ளிவாசலின் பழைய மண்டபத்திலுள்ள மரத்தூண்களை மெஷின் போட்டுச் சுரண்டி, புது எனமல் அடிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். நல்ல நோக்கம்தான், அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. ஆனால் இப்போதுள்ள பச்சைக்கு அடியில் ஒரு நீலம் இருக்கிறது. அதற்கும் அடியில் செதுக்கல் வேலை இருக்கிறது. விரலால் தடவினால் தெரியும். மெஷின் அந்தச் செதுக்கலையும் சேர்த்தே எடுத்துவிடும். நமது வாப்பாமாரின் வாப்பாமார் செய்வித்த வேலை அது. அதற்குப் படச்சுருளும் இல்லை, வேறொரு பிரதியும் இல்லை.

நம்பிக்கையாளர் சபையிடம் மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, தொடங்க முன் எல்லாத் தூண்களையும் படமெடுத்து வையுங்கள். இரண்டு, மெஷினைத் தவிர்த்துக் கையால் மெதுவாகச் செய்யுங்கள், ஒரு தூணிலாவது ஒரு சாண் அளவுக்குப் பழைய அடுக்குகளை அப்படியே விடுங்கள். மூன்று, பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த தூள் பறக்கவிடாமல் ஈரம் வைத்துத் தேய்க்க வேண்டும், வேலை செய்வோர் முகக்கவசம் போட வேண்டும். பக்கத்து மத்ரஸா பிள்ளைகளை அந்த நாட்களில் வேறிடத்தில் வைத்து ஓதிக்கொடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இதைக் கதைக்க இருக்கிறோம். வேலை திங்கட்கிழமை தொடங்குகிறதாம். வரக்கூடியவர்கள் வாருங்கள். தூண்களின் பழைய படம் யாருடைய கல்யாண அல்பத்திலாவது இருந்தால் தயவுசெய்து எடுத்து வாருங்கள்.