கையும் காதும் அளந்த கம்ப்ரஷன்

விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டை வழியாக உளுந்தூர்பேட்டைக்குச் செல்வோரில், வழியின் முடிவில் இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளமொன்று கிடப்பதை அறிந்தவர் சிலரே. ஆயினும் பீங்கானை ஜீவனோபாயமாகக் கொண்ட இப்பிரதேசத்தாருக்கு விமான இயந்திரம் முற்றிலும் அந்நியமான பொருளன்று. அதன் பிளக்கின் நடுவே மின்சாரத்தைத் தடுத்து நிற்பது பீங்கானின் உறவுமுறைப் பண்டமே. முற்காலத்தில் அவ்விடத்தில் அப்பிரகத் தகடுகளே இருந்தன. ஈயம் கலந்த பெட்ரோல் வழக்கத்திற்கு வந்தபின், ஈயம் அப்பிரகத்தை அரித்தமையால், சுட்ட அலுமினாவுக்கு அப்பதவி கிடைத்தது. அந்தப் பிளக்கைக் கழற்றிய துவாரமே சிலிண்டரின் தேகநிலையைச் சோதிக்கும் வாயில்.

ஆனால் துவாரத்தில் கருவி பொருத்துவதற்கு முன்பு, கையே கருவியாக இருந்தது. 1910-இல் சென்னையில் டி ஏஞ்சலிஸ் என்பவர் தமது விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டியதன்பின், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவெங்கும் விமானச் சங்கங்கள் தோன்றி, நான்கு சிலிண்டர் கொண்ட ஜிப்ஸி இயந்திரம் பூட்டிய மாத் விமானங்களை ஓட்டிய காலத்தில், மெக்கானிக் பிளக்குக்கு மின்சாரம் தரும் மாக்னெட்டோவை அணைத்துவிட்டு விசிறியைக் கையால் மெல்லச் சுற்றுவார். இரண்டு முழுச் சுற்றுக்குள் நான்குமுறை கை தடைபட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் விசிறி குழைந்து நழுவினால், அந்தச் சிலிண்டரில் காற்று இறுகித் தங்கவில்லை, அதாவது கம்ப்ரஷன் இல்லை என்று பொருள். டைகர் மாத்தின் ஜிப்ஸி மேஜர் இயந்திரமோ தலைகீழாய்த் தொங்குவது. அதில் எண்ணெய் கீழே வடிந்து தேங்கியிருந்தால், விசிறி அளவுக்கு மீறி இறுகி நின்று அதையும் அறிவித்துவிடும்.

1958-இல் முதன்முறை பறந்த பெங்களூர் எச்.ஏ.எல். தயாரிப்பான புஷ்பக், 90 குதிரைத்திறன் கொண்ட காண்டினென்டல் இயந்திரத்துடன் நம் பறக்கும் சங்கங்களுக்கு வந்தது. இத்தகைய இயந்திரங்களுக்கு உரிய சோதனை இரட்டைக் கேஜ் சோதனை. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, சதுர அங்குலத்திற்கு 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்துவர். ஒரு கேஜ் உட்செல்வதைக் காட்ட, மற்றது சிலிண்டரில் தங்குவதைக் காட்டும். பிஸ்டனின் தலைமேல் ஏறக்குறைய 1,000 பவுண்டு பாரம் ஏறுவதால், உச்சி சிறிது தவறினாலும் விசிறி திடீரெனச் சுழலும். ஆகவே அதைப் பிடித்து நிற்பவன் உண்மையில் சோதனையின் பாதிப் பங்காளி. கேஜைப் பார்ப்பவனுக்கே பெருமை சேர்வது சற்று அநியாயந்தான்.

80-க்கு 72 என்றால் திருப்தி. 60-க்குக் கீழே என்றால் கவலை என்பது நெடுநாள் வழங்கிய விதி. ஆனால் எண் சொல்வது கசிவின் அளவை மட்டுமே. அதன் இடத்தைச் சொல்வது காதுதான். புகைக்குழாயில் 'ஸ்ஸ்' என்று இரைந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்ப்புரேட்டர் வாயிலில் இரைந்தால் இன்டேக் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயிலில் இரைந்தால் பிஸ்டன் ரிங்குகள். ரிங் கசிவு ஓரளவு மன்னிக்கத்தக்கது, எக்ஸாஸ்ட் வால்வின் கசிவோ ஆபத்து. இவ்விரண்டையும் ஒரே எண்ணால் தண்டித்ததன் விளைவாக எத்தனையோ நல்ல சிலிண்டர்கள் அகாலத்தில் கழற்றப்பட்டிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

காண்டினென்டல் நிறுவனம் 1984-இல் அந்த ஒரே எண்ணைக் கைவிட்டு, அளவிட்ட துளையொன்றைக் கொண்டு அவ்வக் கேஜிலேயே எல்லையை நிர்ணயிக்கச் செய்தது. 2003-இல் போரோஸ்கோப் என்னும் நுண்குழாயைப் பிளக் துவாரத்தின் வழியே செலுத்தி உள்ளே பார்ப்பதையும் சோதனையின் அங்கமாக்கியது. எரியத் தொடங்கிய வால்வின் விளிம்பில் நிறம் ஒருபுறமாக மாறியிருப்பதை இப்போது கேஜ் இறங்குவதற்கு முன்பே காண முடிகிறது.